மன உறுதி என்றொரு பழி

"உங்களுக்கு மன உறுதி பத்தாது, அதான் விட்டுட்டீங்க." ஓட ஆரம்பித்து மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிட்ட யாரைக் கேட்டாலும், இந்தப் பேச்சை யாரோ ஒருவர் அவரிடம் சொல்லியிருப்பார். யாரும் சொல்லாவிட்டால் அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ஜனவரி முதல் வாரத்தில் மைதானம் நிரம்புவதும், பொங்கல் கழிந்ததும் காலியாவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கு எல்லோரும் வைத்திருக்கும் விளக்கம் ஒன்றுதான்: ஆரம்ப சூரத்தனம். உறுதி உள்ளவன் நின்றான், இல்லாதவன் உதிர்ந்தான்.

பதினோரு ஆண்டுகளாக ஒரு கல்லூரி மைதானத்தில் புதியவர்களோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த விளக்கம் தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, ஆளைக் கெடுக்கவும் செய்கிறது. ஒருமுறை ஓட்டத்தை விட்டவர் ஓட்டத்தை மட்டும் இழப்பதில்லை. தான் எதையும் தொடர்ந்து செய்ய லாயக்கில்லாதவர் என்ற எண்ணத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

போன வருஷம் ஆடி மாதம். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் மைதானத்துக்கு வந்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். புது ஷூ. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். நான்கு நாள் தூரத்திலிருந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "நமக்கு இது சரிப்படாதுண்ணே. மனசுல தெம்பு இல்ல" என்றார்.

"எவ்வளவு தூரம் ஓடினீங்கம்மா?"

"ஒரு ரவுண்டு முழுசா ஓடிருவேன். ரெண்டாவது ரவுண்டு பாதியிலயே மூச்சு முட்டிருது. தினமும் இதே கதைதான்."

அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன். முதல் சுற்று, 400 மீட்டர், 2 நிமிடம் 20 வினாடி.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வரும் இளம்பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஓடியே பார்க்காத இந்தப் பெண், அவர்களுக்கு வைத்த எல்லையைவிடப் பத்து வினாடி முன்னதாகவே முதல் சுற்றை முடித்துவிட்டு, தன்னைத் தெம்பில்லாதவள் என்று திட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் உறுதி குறைவாக இருந்தது என்று எந்த வாயால் சொல்வது? ஐந்து நாள் விடாமல் வந்து, ஐந்து நாளும் மூச்சு முட்டும் வரை தன்னைத் துரத்தியவர் அவர். அவரைத் தோற்கடித்தது அவருடைய வேகம். அந்தச் சுற்றை அவர் மூன்றரை நிமிடத்தில் ஓடியிருக்க வேண்டும். அப்படி ஓடு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

இது ஒருவர் கதை இல்லை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே தங்கள் உடம்புக்கு மீறிய வேகத்தில் ஓடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி? ஓட்டம் என்றால் என்னவென்று நமக்கு எங்கே கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்குத் தாமதமாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி மூன்று ரவுண்டு. வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றால் இரண்டு ரவுண்டு. கடைசியாக வருகிறவனுக்கு இன்னும் ஒன்று கூடுதல். நான் படித்த பள்ளியில் பி.டி. வாத்தியார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார், யாராவது நடப்பது தெரிந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டத்தைத் தண்டனையாக மட்டுமே அனுபவித்த ஒரு தலைமுறை, நாற்பது வயதில் மருத்துவர் சொன்னார் என்று மைதானத்துக்குத் திரும்புகிறது. அந்த விசில் இன்னும் காதுக்குள் இருக்கிறது. நடந்தால் குற்றம், மெதுவாக ஓடினால் அவமானம்.

போதாததற்கு விடியற்காலையில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் அங்கே போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் இருப்பார்கள். அவர்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி. வேலை அவர்களுக்கு அதில் இருக்கிறது, ஓடட்டும். பக்கத்தில் தொப்பையோடு ஓடும் நம்மவர் ஏன் அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும்? கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டால் யாரும் அவரிடமிருந்து எதையும் பறித்துவிடப் போவதில்லை.

உறுதியை முன்வைப்பவர்களின் வாதத்தை அதன் நல்ல வடிவத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். "ஓட்டம் என்பதே மனதை வெல்வதுதான். மாரத்தானில் முப்பது கிலோமீட்டர் தாண்டிய பிறகு கால் ஓடுவதில்லை, மனம்தான் ஓடுகிறது" என்பார்கள். உண்மை. 42.195 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு முப்பதுக்குப் பிறகு உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து வற்றிப்போகும், அந்த இடத்தில் மனம்தான் கைகொடுக்கும். ஆனால் அந்த இடத்துக்கு வர அவர் பல மாதங்கள் எளிதாக ஓடிப் பழகியிருக்கிறார். முப்பதாவது கிலோமீட்டரின் உண்மையைக் கொண்டுவந்து நானூறாவது மீட்டரில் நிற்பவர் தலையில் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உடம்பின் கணக்கைப் பாருங்கள். ஒரு வேகம் வரை மூச்சும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போகும். அந்த எல்லையைத் தாண்டினால் மூச்சு திடீரென்று இரைக்கத் தொடங்கும், தசை கனக்கும். பன்டெலெய்மோன் எக்கெகாகிஸ் என்ற உடற்பயிற்சி உளவியல் ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டிய விஷயம் இது: அந்த எல்லைக்குக் கீழே இருக்கும்வரை பயிற்சியின்போது பலருக்கு மனம் நன்றாகவே இருக்கிறது, எல்லையைத் தாண்டியதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மனநிலை சரிகிறது. சோம்பேறிக்கும் சரி, சூரனுக்கும் சரி. 2008-இல் டேவிட் வில்லியம்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான், ஆனால் அது சொல்வது முக்கியம். மிதமான பயிற்சியின் நடுவில் யாருக்கு மனம் நன்றாக இருந்ததோ, ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் அவர்களே கூடுதலாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆக, நாளைக்கு வருவாரா மாட்டாரா என்பது இன்று அவர் எவ்வளவு பல்லைக் கடித்தார் என்பதில் இல்லை. இன்று அவருக்கு எப்படி இருந்தது என்பதில் இருக்கிறது. தினமும் மூச்சு முட்டி வயிறு குமட்டும் ஓர் இடத்துக்கு மனிதன் எத்தனை நாள் போவான்? போகாமல் நின்றால் அது உடம்பின் நியாயமான மறுப்பு. அதைப் போய் மனத்தின் பலவீனம் என்கிறோம்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஆளுக்கொரு தங்கம் வென்ற பீட்டர் ஸ்நெல்லுக்கும் மர்ரே ஹால்பெர்க்குக்கும் பயிற்சியாளர். உலகத்தின் கடுமையான பயிற்சிகளை வகுத்த அந்த மனிதர்தான், ஆக்லாந்தில் சாதாரண ஜனங்கள் சேர்ந்து மெதுவாக ஓடும் வழக்கத்தையும் வளர்த்தார். பழகு, ஆனால் உடம்பை வதைக்காதே என்பதுதான் அவர் அவர்களுக்குச் சொன்னது. 1962-இன் கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு லிடியார்ட் அவரையும் அழைத்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்த பவர்மன், தான் ஒரு பயிற்சியாளர் என்ற தைரியத்தில் கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே மூச்சுவாங்கிப் பின்தங்கினார். எழுபதைத் தாண்டிய ஒரு முதியவர், மாரடைப்புகளிலிருந்து பிழைத்து எழுந்தவர், அவருக்குத் துணையாகப் பின்னால் வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடினார். பவர்மனிடம் பதில் சொல்ல மூச்சில்லை. ஊர் திரும்பிய பவர்மன் யூஜின் நகரத்துப் பொதுமக்களுக்கு ஓட்ட வகுப்பு நடத்தினார், இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1967-இல் 'ஜாகிங்' என்ற புத்தகம் எழுதினார். ஜாகிங் என்று இன்று நாம் சொல்லும் சொல் அமெரிக்க வீடுகளில் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். அது பரவக் காரணமான அந்த ஞாயிற்றுக்கிழமையில், பவர்மனிடம் உறுதிக்குக் குறைவில்லை. பேசிக்கொண்டே ஓடும் வேகம் அந்தக் கிழவரிடம் இருந்தது, அவரிடம் இல்லை.

அந்தப் பேச்சுதான் அளவுகோல். கைக்கடிகாரம் வேண்டாம், இதயத் துடிப்புக் கணக்கு வேண்டாம். என்னோடு ஓடுகிறவர்களிடம் ஓடும்போதே ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொல்வேன்: "நேத்து ராத்திரி மாவு அரைச்சு வச்சேன், காலையில பொங்கி வழிஞ்சிருச்சு." நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். "நேத்து ராத்திரி" என்பதோடு நின்றால் வேகம் அதிகம், நடங்கள்.

நடங்கள் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "அப்ப அது வாக்கிங்தானே சார், ஓட்டமா?" 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓட்டம் முதலில் தன்னை வாட்டியதையும் பிறகு பிடித்துப்போனதையும் நினைத்து, தன் அம்மாவையும் ஓட வைக்க ஒரு திட்டம் எழுதினார். வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் நாள் என்ன தெரியுமா? ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை, மாற்றி மாற்றி இருபது நிமிடம். மொத்தமாகக் கூட்டினால் எட்டே நிமிடம்தான் ஓட்டம். ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் நடக்காமல் இருபது நிமிடம், ஒன்பதாம் வாரம் அரை மணி நேரம் அல்லது 5 கிலோமீட்டர். இன்று உலகத்தில் புதியவர்கள் மிக அதிகமாகப் பின்பற்றும் திட்டங்களில் இது ஒன்று, பிரிட்டனின் பொது மருத்துவத் துறையே இதை எடுத்துத் தன் மக்களுக்குக் கொடுக்கிறது. ஓர் அம்மாவுக்காக மகன் எழுதியது என்பதால்தான் அதில் விசில் இல்லை என்று எனக்குத் தோன்றும். ஜெஃப் காலோவே 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அவரும் புதியவர்களுக்கு ஓட்டத்தின் நடுநடுவே நடையைத்தான் கற்றுக்கொடுத்தார். ஒலிம்பிக் வீரருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

அடுத்து அந்த இருபத்தொரு நாள் கதை. எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வராத வீடு இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த எண் அது. முகம் மாறிய நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரமாவது ஆவதாக அவர் கவனித்திருந்தார். ஓட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து உண்மையிலேயே அளந்து பார்த்தபோது, ஒரு செயல் தன்னால் நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. உடற்பயிற்சி போன்றவை தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிடக் கூடுதல் காலம் எடுத்தன. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகம் இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நம் சித்த மருத்துவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று மருந்துக்குக் கணக்குச் சொல்வார்கள். அந்தப் பொறுமைகூட இந்த 21 நாள்காரர்களிடம் இல்லை. இருபத்திரண்டாம் நாள் காலையிலும் படுக்கையிலிருந்து எழ மனம் வராதவர், "எல்லாருக்கும் ஆகுது, எனக்கு மட்டும் ஆகல" என்று முடிவு கட்டுகிறார். பொய்யான ஒரு தவணையை வைத்து, தவணைக்குள் கட்டாதவரைக் குற்றவாளியாக்கிய வேலை இது.

மன உறுதி என்ற விளக்கம் மிகப் பெரிய அநியாயத்தைச் செய்வது பெண்களுக்கு. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கின்படி, 2022-இல் இந்தியாவில் வயதுவந்த ஆண்களில் சுமார் 42 சதவீதம் பேருக்கும் பெண்களில் சுமார் 57 சதவீதம் பேருக்கும் போதிய உடலுழைப்போ பயிற்சியோ இல்லை. உறுதிதான் காரணம் என்றால், நம் பெண்களுக்கு ஆண்களைவிட உறுதி குறைவு என்று சொல்ல வேண்டிவரும். நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, மூன்று டப்பாவுக்குச் சாப்பாடு கட்டி, ஏழரைக்குப் பேருந்து பிடிக்கிறவரைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அவருக்கு இல்லாதது நாற்பது நிமிடமும், தெருவிளக்கு எரியும் ஒரு பாதையும். ஐந்து மணி இருட்டில் நாய் துரத்தும், பைக்கில் போகிறவன் எதையாவது சொல்லிவிட்டுப் போவான். வெளிச்சம் வந்த பிறகு ஓடலாம் என்றால் அடுப்பு காத்திருக்கிறது. மாலையில் ஓடலாம் என்றால் பள்ளி மைதானங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சித்திரை வைகாசியில் ஏழு மணி வெயிலே தலையைச் சுற்றவைக்கும், கடலோர ஊர்களிலோ காற்றின் ஈரத்தில் வியர்வை காயாமல் உடம்பு கொதிக்கும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். இத்தனையையும் "மனசு வச்சா முடியும்" என்ற ஒரு வாக்கியத்தால் மூடிவிட முடியாது.

எங்கள் மைதானத்தில் தொடர்ந்து வருகிறவர்களைக் கவனித்தபோது ஒன்று தெரிந்தது. அவர்கள் யாரும் உறுதியில் பிறரைவிட உயர்ந்தவர்களாக இல்லை. மூன்று பேராகச் சேர்ந்து வருகிறார்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று கிழமை குறித்திருக்கிறார்கள். ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் போன் போடுகிறார். ஓட்டம் முடிந்து வாசலில் டீ குடிக்காமல் போவதில்லை. வீட்டில் அந்த மூன்று நாளும் காலைச் சமையலைக் கணவரோ மகனோ பார்த்துக்கொள்கிறார். இவற்றைத் திட்டமிட்டவர்கள் நிலைக்கிறார்கள். உறுதியை மட்டும் நம்பி வந்தவர்கள் மழை பெய்த முதல் வாரத்தோடு காணாமல் போகிறார்கள்.

எதிர்த்தரப்புக்கு இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் வாசற்படி தாண்ட உறுதி வேண்டும், அது இல்லாமல் எதுவும் தொடங்காது. இன்னொன்று, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் அடிபடவே படாது என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 8 வாரத் திட்டமும் இன்னொன்றுக்கு 13 வாரத்தில் மெதுவாக ஏறும் திட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவு: இரண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசம் இல்லை. ஆகவே மெதுவாக ஓடுங்கள் என்று நான் சொல்வது காயத்துக்கு எதிரான தாயத்தாக இல்லை. மறுநாளும் வரத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கெண்டைக்கால் முன்னெலும்பு தொட்டால் வலிக்கிறதென்றால் அன்றைக்கு ஓட வேண்டாம், அதுவும் உறுதிக் குறைவாகாது. நெஞ்சு அடைப்பு, மயக்கம், முன்பே இதய நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

விட்டுவிட்டவருக்குப் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்லும் ஒரு வார்த்தையும் இருக்கிறது: "நல்லதாப் போச்சு, ஓடினா முட்டி தேஞ்சிரும்." 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்ட கணக்கு வேறு. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். பந்தயத்துக்காகவே ஓடும் உயர்மட்ட வீரர்களில் 13.3 சதவீதம். ஓடுவதால்தான் தேயவில்லை என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மிதமாக ஓடுகிறவரின் முட்டியைக் காட்டிப் பயமுறுத்த இதில் ஆதாரம் இல்லை.

அந்தக் கூட்டுறவுச் சங்கப் பெண் மறுபடி வந்தார். அவர் ஷூ நாடாவைக் கட்டச் சொல்லி, பக்கத்திலேயே ஓடினேன். அறுபது வினாடி, பிறகு நடை. மாவு பொங்கிய கதையைச் சொல்லச் சொன்னேன். முதல் தடவை, "இவ்வளவு மெதுவாவா? பாக்குறவங்க சிரிப்பாங்கண்ணே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. புரட்டாசியில் ஒரு வாரமும் ஐப்பசி மழையில் இரண்டு வாரமும் வரவில்லை, பிறகு வந்தார். ஒன்பது வாரத் திட்டத்தை முடிக்க அவருக்குப் பத்தொன்பது வாரம் ஆனது. மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைச் சுற்று, 5 கிலோமீட்டர், நாற்பத்து நான்கு நிமிடத்தில் நிற்காமல் ஓடினார். கடைசிச் சுற்றிலும் பேசிக்கொண்டுதான் வந்தார்.

ஊரில் பள்ளி, கல்லூரி மைதானங்களின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலை ஐந்து முதல் ஏழு வரை கதவைத் திறந்து விடுங்கள், மூலைக்கொரு விளக்கு எரியட்டும். பிள்ளைகளை ஓட வைப்பது தண்டனை என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டத்தை நிறுத்திய நண்பரைப் பார்த்தால் உறுதியைப் பற்றிப் பேசாதீர்கள், எந்த வேகத்தில் ஓடினார் என்று கேளுங்கள். நீங்களே நிறுத்தியவர் என்றால், அந்த ஷூ இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். வரும் செவ்வாய்க்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். அறுபது வினாடி ஓடுங்கள், தொண்ணூறு வினாடி நடங்கள், எட்டுத் தடவை. அன்றைக்கு அவ்வளவு போதும்.